உருளைச் செல் ஏன் பருக்காமல் நீள்கிறது? சுற்றுத் தகைவுக் கணக்கும் சுவர் வளர்ச்சியும்

(இது ஓர் உரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

அரைமைக்ரான்

மெல்லிய சுவர் கொண்ட உருளைக்குள் அழுத்தம் இருந்தால், சுற்றுவாக்கில் வரும் தகைவு (சுவரின் ஓர் அலகு குறுக்குப் பரப்பு தாங்கும் விசை) = அழுத்தம் × ஆரம் ÷ சுவரின் தடிப்பு. நீளவாக்கில் வருவது அதில் சரிபாதி. தண்ணீர் அழுத்தம் மிஞ்சினால் ரப்பர் குழாய் நீளவாக்கில் கிழிவது இதனால்தான்.

இதை அப்படியே செல்லுக்குப் போட்டால் விடை தலைகீழாக வருகிறது. விறைப்பழுத்தம்தான் (செல்லுக்குள் இருக்கும் நீர் சுவரைத் தள்ளும் அழுத்தம்) வளர்ச்சியைத் தள்ளுகிறது என்றால் உருளைச் செல் முதலில் பருக்க வேண்டும். ஆனால் வேர்ச்செல், தண்டுச்செல், ஈ. கோலை, பிளவு ஈஸ்ட் எல்லாமே விட்டம் கிட்டத்தட்ட மாறாமல் நீள்கின்றன. "செல்லுலோஸ் இழைகள் குறுக்கே சுற்றியிருக்கின்றன, அதனால்" என்ற பாடநூல் விடை தாவரத்துக்குச் சரி. ஈ. கோலையின் சுவர் பெப்டிடோகிளைக்கன் (சர்க்கரைச் சங்கிலிகளைப் பெப்டைடுகள் கோத்த வலை), ஈஸ்டின் சுவர் பெரும்பாலும் குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி. அங்கே என்ன நடக்கிறது? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி சொல்ல முடியுமா?

இழைக்கோணம்

முதலில் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தாவரச் செல்: ஆரம் 20 மைக்ரான், விறைப்பழுத்தம் 0.5 மெகாபாஸ்கல், முதல்நிலைச் சுவர் 0.5 மைக்ரான். சுற்றுத் தகைவு 20 மெகாபாஸ்கல்.

ஈ. கோலை: ஆரம் 0.5 மைக்ரான், அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல் என்று வையுங்கள், பெப்டிடோகிளைக்கன் 4 நானோமீட்டர். 12.5 மெகாபாஸ்கல்.

பேசில்லஸ் சப்டிலிஸ்: ஆரம் 0.4 மைக்ரான், அழுத்தம் 1 மெகாபாஸ்கல், சுவர் 30 நானோமீட்டர். சுமார் 13.

அளவில் நாற்பது மடங்கு வேறுபடும் செல்கள். சுவரும் வெவ்வேறு வேதிப்பொருள். ஆனாலும் சுவர்ப்பொருள் தாங்கும் தகைவு ஏறத்தாழ ஒரே அளவில் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பது சில வளிமண்டல அழுத்தம்தான் என்றாலும், சுவர் அதைப் பத்து இருபது மெகாபாஸ்கலாகச் சுமக்கிறது. ஈ. கோலையின் அழுத்தத்துக்கு வெவ்வேறு முறைகள் 0.03 முதல் 0.3 மெகாபாஸ்கல் வரை விடை தருகின்றன. அதனால் அந்த 12.5-ஐத் தோராய அளவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. தகைவு எந்தத் திசையில் அதிகம் என்பது வேறு, சுவர் எந்தத் திசையில் இளகிக் கொடுக்கிறது என்பது வேறு. அழுத்தத்துக்குத் திசை கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் தள்ளும். திசையைத் தருவது சுவர். சுற்றுவாக்கில் இரு மடங்கு தகைவு இருந்தாலும், அந்தத் திசையில் சுவர் இரண்டு மடங்குக்கும் மேல் விடாப்பிடியாக இருந்தால் செல் நீளத்தான் செய்யும். பொதுவிதி என்று கேட்டால் இதுதான். சுவர் அந்த விடாப்பிடியை எப்படிப் பெறுகிறது என்பதில்தான் தாவரமும் பாக்டீரியாவும் ஈஸ்டும் பிரிகின்றன.

தளிர்முனை

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மீள்திரிபையும் வளர்ச்சியையும் பிரிக்காமல் பேசினால் இந்த விவாதம் எங்கும் போய்ச் சேராது.

அழுத்தத்தால் சுவர் இழுபடுவது ஒன்று, அதுதான் மீள்திரிபு. அழுத்தத்தை எடுத்தால் திரும்பிவிடும். இழுபட்ட நிலையில் பிணைப்புகள் நழுவி, புதுப் பொருள் சேர்ந்து, திரும்பாத நீளம் வருவது இன்னொன்று. இரண்டாவதுதான் வளர்ச்சி. இரண்டையும் பிரித்தறியச் செலவில்லாத வழி பிளாஸ்மா சிதைவு, அதாவது அடர்கரைசலில் வைத்து நீரை வெளியேற்றி விறைப்பைப் போக்குவது:

செல் சந்திப்புகளையோ, மேற்பரப்பில் ஒட்டிய ஒளிர்மணிகளையோ குறிப்புப் புள்ளிகளாக வைத்துப் படம் எடுங்கள். பிறகு மானிட்டால் கரைசலில் 0.2, 0.4, 0.6 மோலார் எனப் படிப்படியாக, படிக்குச் சில நிமிடம் கொடுத்து ஏற்றுங்கள். கடைசிக் கரைசலில் 15–20 நிமிடம் கழித்து அதே புள்ளிகளைப் படம் எடுங்கள். முந்தைய நீளம் ÷ பிந்தைய நீளம், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் மீள்திரிபு. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் தனித்தனியே அளங்கள்.

தவறும் இடங்கள் மூன்று. கரைசலின் செறிவு போதாமல் விறைப்பு பாதியிலேயே நிற்பது முதலாவது. 25 டிகிரியில் 0.3 மோலார் மானிட்டால் சுமார் 0.74 மெகாபாஸ்கல் சவ்வூடுபரவல் அழுத்தம்தான் தரும், 0.6 மோலார் 1.5 தரும், செல்லின் உள்ளடர்த்தியைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். அடுத்தது, கியூட்டிகிள் (மேல்தோலின் மெழுகுப் படலம்) கரைசலைத் தடுப்பதால் வெளிச்செல்கள் இன்னும் விறைப்பாக இருக்கும்போதே அளந்துவிடுவது. புரோட்டோபிளாஸ்ட் (சவ்வும் அதற்குள் இருக்கும் உயிர்ப்பகுதியும்) சுவரைவிட்டு விலகியது கண்ணில் தெரிந்த பிறகே அளக்க வேண்டும். மூன்றாவது, புரோட்டோபிளாஸ்ட் சுருங்கியதைச் சுவர் சுருங்கியதாக அளப்பது. சவ்வுச் சாயத்தை மட்டும் நம்பினால் இந்தப் பிழை நிச்சயம் வரும். சுவருக்குத் தனியே புரோபிடியம் அயோடைடோ கால்கோஃப்ளூரோ என்ற சாயம் போடுங்கள்.

நுண்குச்சி

பாக்டீரியாப் பக்கத்துக்கு வருகிறேன். ஈ. கோலையின் பெப்டிடோகிளைக்கன் பையைத் தனியே பிரித்து, அணுவிசை நுண்ணோக்கியில் ஈரமாக வைத்து 1999-ல் அளந்திருக்கிறார்கள். நீளவாக்கில் யங் குணகம் (இழுவைக்கு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்ற அளவு) சுமார் 25 மெகாபாஸ்கல், சுற்றுவாக்கில் சுமார் 45. விகிதம் 1.8. காரணம் கட்டமைப்பில் இருக்கிறது: விறைப்பான சர்க்கரைச் சங்கிலிகள் பெரும்பாலும் சுற்றுவாக்கில் ஓடுகின்றன, அவற்றை நீளவாக்கில் கோப்பவை இழுபடக்கூடிய பெப்டைடுகள்.

இந்த 1.8-ஐக் கவனியுங்கள். தகைவு விகிதம் 2, விறைப்பு விகிதம் 1.8. ஏறத்தாழ ஒன்றையொன்று அடித்துவிடும். அதாவது மீள்திரிபு மட்டும் என்றால் செல் இரு திசையிலும் கிட்டத்தட்ட ஒரே வீதத்தில் உப்பியிருக்கும். குச்சி வடிவம் குச்சியாகவே தொடர்வதை இந்த விறைப்பு வேறுபாடு விளக்கவில்லை. செல் புதுச் சங்கிலியை எந்தத் திசையில் செருகுகிறது என்பதுதான் விளக்குகிறது.

செருகும் வேலையை வழிநடத்துவது, நம் செல்களில் இழைகளாக அமையும் ஆக்டினின் உறவுப் புரதமான எம்ஆர்இபி. அது செல்லின் முழு நீளத்துக்கும் சுருள்வில்லாகச் சுற்றியிருக்கிறது என்று 2001 முதல் பத்தாண்டு நம்பப்பட்டது. 2011-ல் மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டியது வேறு: அவை குட்டையான துண்டுகள், அச்சுக்குச் செங்குத்தாகச் சுற்றுவாக்கில் நகர்கின்றன, நகர்த்துவது சுவர்த் தொகுப்பே, அதாவது புதுச் சுவர்ப்பொருளைக் கட்டும் வேலையே. தொகுப்பை மருந்தால் நிறுத்தினால் நகர்வும் நின்றுவிடும். திசையை எப்படி அறிகின்றன? அத்துண்டுகள் வளைந்தவை; சவ்வு எந்தத் திசையில் அதிகம் வளைந்திருக்கிறதோ அந்தத் திசையில் படிகின்றன. உருளையில் அது சுற்றுவாக்கு. ஆக, குச்சி வடிவம் துண்டுகளுக்குத் திசை காட்டுகிறது, துண்டுகள் குச்சி வடிவத்தைக் காக்கின்றன. கோள வடிவான செல்லில் எல்லாத் திசையும் ஒன்று என்பதால் துண்டுகளுக்கும் திசை இல்லாமல் போகிறது.

சோதிக்க விரும்பினால் மருந்துகள் எளிது. ஏ22 எம்ஆர்இபி-ஐக் கலைக்கும். மெசிலினாம், நீளும் சுவரைக் கட்டும் நொதியான பிபிபி2-ஐத் தடுக்கும். இரண்டிலும் செல் உருண்டையாகும். செஃபலெக்ஸின் பிரிதல் சுவரைக் கட்டும் பிபிபி3-ஐத் தடுக்கும். செல் பிரியாமல் இழையாக நீளும், விட்டம் மாறாது. இந்த வேறுபாடு ஒன்றே போதும்: நீள்வதற்கும் பிரிவதற்கும் தனித்தனி இயந்திரம். அகரோஸ் திண்டில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: திண்டு காய்ந்தால் உப்படர்த்தி ஏறி, செல் சுருங்கி வளர்ச்சி தளரும். அதை மருந்தின் விளைவு என்று எழுதிவிடக் கூடாது. மருந்தில்லாத திண்டை அதே கண்ணாடித் தகட்டில் பக்கத்திலேயே வையுங்கள்.

அரைமைக்ரான்

அப்படியானால் அழுத்தத்துக்கு என்ன பங்கு? லாக்ஹார்ட் சமன்பாட்டில் வளர்ச்சி வீதம் விறைப்பழுத்தத்தைப் பொறுத்து நேர்கோட்டில் ஏறுகிறதே.

விறைப்பு

லாக்ஹார்ட் 1965-ல் எழுதியது: வளர்ச்சி வீதம் = இளகுமை × (விறைப்பழுத்தம் − இளகு வரம்பு). இளகுமை என்பது சுவர் எவ்வளவு எளிதாக இளகுகிறது என்பது; வரம்பு, இளகத் தொடங்கும் அழுத்தம். வரம்புக்குக் கீழே அழுத்தம் இருந்தால் சுவர் மீள்திரிபோடு நிற்கும். மேலே இருந்தால் மீளாமல் நீளும். எடுத்துக்காட்டுக்கு அழுத்தம் 0.5, வரம்பு 0.4, இளகுமை மணிக்கு மெகாபாஸ்கலுக்கு 1 என்றால் வீதம் மணிக்கு 10 சதவீதம். அழுத்தம் 0.05 ஏறினால் வீதம் 15 சதவீதமாக வேண்டும்.

சமன்பாடு சரிதான். அதை வாசிப்பதில்தான் தவறு நடக்கிறது. இளகுமையும் வரம்பும் பொருளின் நிலையான பண்புகள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவை செல்லின் கையில் இருக்கும் திருகுகள். நைட்டெல்லா பாசியின் கணுவிடைச் செல்லில் 1971-லேயே பார்த்தாயிற்று: அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் வளர்ச்சி நிற்கும், சில நிமிடங்களில் பழைய வீதத்துக்கு அருகே திரும்பிவிடும், அழுத்தம் குறைந்தே இருக்கும்போதும். வரம்பு கீழே இறங்கிக்கொண்டது.

ஈ. கோலையில் இன்னும் தெளிவு. 2014-ல் வந்த ஆய்வில் உப்படர்த்தியை மாற்றி மாற்றி அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். அழுத்தம் குறைந்த நேரத்தில் செல் நீளாததுபோலத் தெரிந்தது. அழுத்தம் திரும்பியதும், இடைவெளியே இல்லாமல் வளர்ந்திருந்தால் எந்த நீளம் இருக்குமோ அந்த நீளத்துக்குத் தாவியது. சுவர்த் தொகுப்பு பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது. இழுத்து விரிக்கும் வேலைதான் நிலுவையில் நின்றது. அதனால் "அழுத்தம் = வளர்ச்சியின் முடுக்கி" என்று எழுதுவது ஈ. கோலைக்குப் பொருந்தாது. பேசில்லஸ் சப்டிலிஸ் வேறு மாதிரி நடக்கிறது, அங்கே சவ்வின் இழுவிசை தொகுப்பைப் பாதிக்கிறது. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்கு மாற்றிப் போடாதீர்கள்.

இன்னொன்று. அழுத்தம் வேகமாக மாறும் சோதனையில் லாக்ஹார்ட் சமன்பாட்டை நேரடியாகப் பொருத்தினால் இளகுமை பொய்யாகக் கூடும், ஏனென்றால் மீள்திரிபு அதில் இல்லை. 1985-ல் ஒர்டேகா சேர்த்த மீள் உறுப்போடு, அதாவது (1 ÷ மீள்குணகம்) × அழுத்தம் மாறும் வீதம், பயன்படுத்துங்கள்.

தளிர்முனை

தாவரச் சுவரின் திருகு எது என்று காட்ட நல்ல சோதனை அமில நீட்சி, அதாவது அமிலத்தில் சுவர் இளகி நீள்வதை அளப்பது. முழு முறையைத் தருகிறேன், செய்பவர்களுக்கு உதவும்.

இருட்டில் நான்கு நாள் வளர்த்த வெள்ளரி நாற்றில், நுனியில் வளைந்திருக்கும் கொக்கிக்குக் கீழே உள்ள வளரும் பகுதியை மட்டும் வெட்டி உறைய வைக்கவும். உருக்கிய பிறகு கார்போரண்டம் தூள் கலந்த நீரால் மேல்தோலை இலேசாகத் தேய்த்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் எடை வைத்துச் சாறு வெளியேறும்வரை அழுத்தவும். செல் உயிரோடு இல்லை, விறைப்பும் இல்லை. இனி இழுப்பது நாம் தொங்கவிடும் எடை மட்டும்.

பிடிகளுக்கு இடையே 5 மில்லிமீட்டர் விட்டு மாட்டி, 20 கிராம் எடை கொடுத்து, பிஎச் 6.8 உள்ள 50 மில்லிமோலார் ஹெப்பிஸ் தாங்கல் கரைசலில் மூழ்க வையுங்கள். எடை ஏறியதும் முதல் சில நிமிடம் வேகமாக நீளும். அது பிசுக்கு-மீள் தளர்வு, வளர்ச்சியோடு தொடர்பில்லை. நீட்சி வரைபடத்தின் கோடு தட்டையாகும்வரை 20 நிமிடம் காத்திருக்கவும். பிறகு பிஎச் 4.5 உள்ள சோடியம் அசிட்டேட்டுக்கு மாற்றவும். கொதிக்க வைக்காத சுவரில் நீட்சி உடனே ஏறி, மணிக்கணக்கில் தொடரும். அதே துண்டை முன்கூட்டியே 15 விநாடி கொதிநீரில் போட்டிருந்தால் ஒன்றும் நடக்காது. வேறொரு நாற்றின் சுவரிலிருந்து 1 மோலார் உப்பில் எடுத்த புரதத்தைச் சேர்த்தால் கொதித்த சுவரும் மீண்டும் நீளும். 1992-ல் எக்ஸ்பான்சின் என்ற சுவர்ப் புரதம் இப்படித்தான் பிடிபட்டது. அது சங்கிலிகளை வெட்டுவதில்லை. செல்லுலோஸ் இழைகள் ஒட்டியிருக்கும் இடங்களை நழுவ விடுகிறது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் புரோட்டான் பம்பைத் தூண்டுவதும் சுவர் அமிலமாவதும் இங்கே வந்து சேர்கின்றன.

அரைமைக்ரான்

பிஎச் 6.8-லேயே கோடு தட்டையாகாமல் நீண்டுகொண்டே போனால்? 4.5-க்கு மாற்றியும் ஒன்றும் நடக்காவிட்டால்?

தளிர்முனை

முதலாவது பெரும்பாலும் பிடியில் நழுவல். துண்டின் இரு நுனியிலும் பிடியை ஒட்டி மையால் கோடு போடுங்கள். அந்த மைக்கோடு பிடியைவிட்டு விலகினால் அளந்தது நீட்சி அல்ல. துண்டு கிழியத் தொடங்கினாலும் இப்படித்தான் வரும், ஆனால் அப்போது வரைபடக் கோடு படிப்படியாகத் தாவும்.

இரண்டாவதுக்குக் காரணம் நான்கில் ஒன்று. தேய்ப்பு போதாமல் தாங்கல் கரைசல் உள்ளே போகவில்லை. அல்லது வெட்டிய பகுதி அடித்தண்டு. முதிர்ந்த சுவரில் எக்ஸ்பான்சினைச் சேர்த்தாலும் அது சரியாக நீளாது. அல்லது உருக்கிய துண்டு அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்திருக்கிறது. அல்லது எடை மிகக் குறைவு. கடைசியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்: 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் குறுக்குப் பரப்பு 3.14 சதுர மில்லிமீட்டர், 0.5 மெகாபாஸ்கல் அழுத்தம் அதன்மேல் தரும் நீளவாக்கு விசை 1.57 நியூட்டன், அதாவது சுமார் 160 கிராம். நாம் தொங்கவிடுவது 20. உயிருள்ள தண்டு தாங்குவதில் எட்டில் ஒரு பங்கு. அதோடு, எடை ஒரு திசையில் மட்டும் இழுக்கிறது; விறைப்பு இரு திசையிலும் இழுக்கும். இதில் கிடைக்கும் எண்ணை உயிர்ச்செல்லின் வளர்ச்சி வீதமாக மாற்றி எழுதக் கூடாது. எந்தத் துண்டு இளகும், எது இளகாது என்ற ஒப்பீட்டுக்கே இது.

இழைக்கோணம்

தாவரத்தில் "குறுக்கு இழை = நீள்வளர்ச்சி" என்பதிலும் ஒரு கவனம் வேண்டும்.

அடிப்படைச் சான்று வலுவானது. 1962-ல் நைட்டெல்லாவில், நுண்குழல்களைக் கலைக்கும் கொல்கிசின் கொடுத்ததும் இழை ஒழுங்கு குலைந்து செல் உருண்டையானது. 1963-ல் சவ்வை ஒட்டிய நுண்குழல்கள் (செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய புரதக் குழல்கள்) மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தன. 2006-ல் செல்லுலோஸ் தொகுப்பு நொதிகள் நுண்குழல் தடத்திலேயே நகர்வது உயிர்ச்செல்லில் படமானது. ஆனால் ஆய்வுச் செடியான அரபிடாப்சிஸின் மோர்1 என்ற மரபணுத் திரிபில், வெப்பம் ஏற்றி நுண்குழல் ஒழுங்கைக் குலைத்தபோது, இழைகள் குறுக்காகவே படிந்தன. செல் மட்டும் பருத்தது. கோணம் சரியாக இருந்தும் வடிவம் போயிற்று. இழையின் நீளம், இழைகளுக்கு இடையிலான ஒட்டு, இழைகளுக்கு நடுவே கூழாக இருக்கும் பெக்டினின் நிலை இவையும் கணக்கில் உண்டு.

ஒட்டு விஷயத்தில் பழைய படம் மாறிவிட்டது. இழைகளைச் சைலோகுளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் கயிறுகளாகக் கட்டி வைத்திருக்கின்றன என்று முப்பது ஆண்டு வரைந்தோம். சைலோகுளுக்கனே இல்லாத அரபிடாப்சிஸ் 2008-ல் வந்தது. சற்றுச் சிறியது, ஆனால் செடி செடியாகவே வளர்கிறது. செல்லுலோஸை மட்டும் வெட்டும் நொதியும் சைலோகுளுக்கனை மட்டும் வெட்டும் நொதியும் சேர்ந்தாலும் சுவரை நழுவ விடவில்லை. இரண்டையும் வெட்டவல்ல ஒற்றை நொதி நழுவ விட்டது. சுமை தாங்குவது இழைகள் நேரடியாக ஒட்டும் சில புள்ளிகள், அங்கே சிக்கிய கொஞ்சம் சைலோகுளுக்கன்.

இழைக்கோணம் அளப்பவர்களுக்கு: சுவரின் உட்பக்க அடுக்கைப் பாருங்கள். புது இழை உட்பக்கம் படிகிறது. பழைய அடுக்குகள் வெளியே தள்ளப்பட்டு, செல் நீள நீள நீளவாக்குக்குத் திரும்புகின்றன. முழுத்தடிப்பையும் சேர்த்து முனைவுற்ற ஒளியில் சராசரி எடுத்தால் இரண்டும் கலந்து, ஒழுங்கே இல்லாததுபோல விடை வரும்.

விறைப்பு

நுண்குழல் திசையை யார் சொல்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. 2008-ல் அரபிடாப்சிஸ் தண்டு நுனியில் காட்டியது: நுண்குழல்கள் பெருந்தகைவுத் திசையோடு ஒத்துப் படிகின்றன. ஒரு செல்லைச் சுட்டு அழித்தால், சுற்றியுள்ள செல்களில் அவை காயத்தைச் சுற்றி வளையமாகத் திரும்புகின்றன. தகைவுக் கணக்கும் அதே திசையைத் தருகிறது. அரைமைக்ரானின் முதல் கேள்விக்கு இது நேர் விடை. உருளையில் சுற்றுத் தகைவு இரு மடங்கு என்பதாலேயே நுண்குழல் சுற்றுவாக்கில் படிகிறது, செல்லுலோஸ் அங்கே சேர்கிறது, அந்தத் திசை இறுகுகிறது, செல் நீள்கிறது. முரண்பாடு என்று தோன்றிய அந்த இரு மடங்குதான் செல்லுக்குக் கிடைக்கும் சைகை. நுண்குழலை வெட்டும் கட்டானின் புரதம் இல்லாத மரபணுத் திரிபில் இந்தத் திருப்பம் மந்தமாகிறது.

நுண்குச்சி

நுனியில் மட்டும் வளரும் செல்களை விட்டுவிட்டோமே. மகரந்தக் குழலிலும் வேர்த்தூவியிலும் நுனிக் கவிகையின் தகைவு அழுத்தம் × ஆரம் ÷ (2 × தடிப்பு). உருளைப் பகுதியின் சுற்றுத் தகைவில் பாதி. தகைவு குறைந்த இடத்தில் வளர்ச்சி! காரணம் பெக்டின். நுனியில் மெத்தில் ஏற்றிய இளகிய பெக்டின் வந்து சேர்கிறது. பின்னோக்கிப் போகும்போது மெத்திலெஸ்டரேஸ் மெத்திலை நீக்க, கால்சியம் பிணைத்து இறுக்குகிறது, இன்னும் பின்னால் கேலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலி சேர்கிறது.

தகட்டிலேயே பார்க்கலாம். மகரந்தத்தை முளைக்க வைக்கும் பிரூபேக்கர்–குவாக் ஊடகம், 1963-லிருந்து மாறாதது: சுக்ரோஸ் 10 சதவீதம், போரிக் அமிலம் 100 பிபிஎம், கால்சியம் நைட்ரேட் 300, மக்னீசியம் சல்ஃபேட் 200, பொட்டாசியம் நைட்ரேட் 100. லில்லி மகரந்தம் இதில் எளிதாக முளைக்கும். சுக்ரோஸ் குறைந்தால் நீர் ஏறி வெடிக்கும். போரானை விட்டுவிட்டாலும் வெடிக்கும், பெக்டினின் ஒரு பகுதியைக் கோப்பது அதுதான். கால்சியம் மிகுந்தால் நுனியும் இறுகி வளர்ச்சி நிற்கும். மெத்திலெஸ்டரேஸ் நொதியை வெளியிலிருந்து சேர்த்தாலும் நிற்கும்.

வெடித்த குழல்களைத் தூக்கி எறியாமல், எங்கே வெடித்தது என்று எண்ணுங்கள். நுனியில் வெடித்தால் இளகிய சுவரை அழுத்தம் மீறியது. ஊடகத்தின் சுக்ரோஸையும் போரானையும் பாருங்கள். நுனிக்குப் பின்னால் உருளைப் பகுதியில் வெடித்தால் இறுக்கும் வேலை நடக்கவில்லை. கால்சியமோ கேலோஸோ குறைந்திருக்கிறது. ஆரம் அதே, அழுத்தம் அதே, மாறியது சுவர்.